பிரஷ் அக்கா கழுவிய கற்கள்

எங்கள் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் கழுவும் அறை என்று ஒன்று உண்டு. நீளமான சிமெண்டுத் தொட்டி, மூன்று குழாய்கள், சுவரோரம் மரத்தட்டுகள், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி. தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவரை எல்லோரும் பிரஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்.

நான் மாடியில் படம் எடுப்பவன். அக்கா கழுவி, உலர்த்தி, எண் எழுதி அனுப்பும் கற்களை விளக்குக்கு அடியில் வைத்துப் படம் எடுப்பது என் வேலை. ஆகவே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஆற்றங்கரைக் குகை ஒன்றில் வருஷா வருஷம் தோண்டினார்கள். எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் தட்டிச் செதுக்கிய கல் கருவிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெரும்பாலும் விரல் நீளச் சில்லுகள். ஒரு பக்கம் கத்தி மாதிரிக் கூர், மறுபக்கம் மொண்ணை. சேற்றுக் கட்டியாக வருவது, அக்காவின் கையை விட்டுப் போகும்போது நேற்றுத்தான் உடைத்த மாதிரி மினுங்கும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறல். பிறகு நீர்த்த ஆசிட்டில் கொஞ்ச நேரம், சுண்ணாம்புப் படிவு விட்டுப்போக. பிறகு நைலான் பிரஷ். அதற்கும் மசியாத கறையைப் பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைப்பார். அதுவும் பலிக்காவிட்டால், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி வளைந்த ஊசி ஒன்று வைத்திருந்தார். "இவன் ஒருத்தன் அடம் பிடிக்கிறான் பாரு" என்று கல்லோடு பேசிக்கொண்டே சுரண்டுவார். ஆசிட்டும் பிரஷும் சேர்ந்து அவர் விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டன. வருகை பதியும் ரேகை எந்திரம் அவரை ஏற்றுக்கொள்ளாது. "நான் வந்திருக்கேன்னு நானே எழுதிக் குடுத்தாத்தான் உண்டு" என்று சிரிப்பார்.

அவர் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாயங்காலம் கூட்டிப் போக வருவார். "வீட்டுல சட்டியெல்லாம் அடிப்பிடிச்சுக் கெடக்கு, இவ இங்க வந்து கல்லைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா" என்பார் எங்களிடம். அக்கா விடமாட்டார். "சட்டிக்கும் எழுபதாயிரம் வருஷம் ஆகட்டுங்க, தேய்ச்சுத் தர்றேன்."

பத்தாவது வருஷம் அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில்.

இருபத்து மூன்றாவது வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். நானூறு கற்களை வாங்கி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்தாள்.

"சார், கழுவறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?"

"இல்லையேம்மா. கழுவின பிறகுதான் எங்கிட்ட வரும்."

"ஒண்ணு கூடவா?"

"அழுக்கை யாரு படம் எடுப்பாங்க?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கழுவும் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். நானே கீழே கூட்டிப் போனேன்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் வந்து எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். தொட்டி, ஆசிட் ஜாடி, ஏழு வகை பிரஷ், கடைசியாக ஊசி.

"இந்த ஊசி எதுக்குக்கா?"

"கறுப்பா ஒரு கறை வரும்மா. மெழுகு மாதிரி. லேசுல போகாது. இதாலதான் நிமிண்டி எடுப்பேன்."

"எல்லாக் கல்லுலயுமா?"

"இல்ல. பத்துல ஒண்ணு இருக்கும். அதுவும் மொண்ணைப் பக்கமாத்தான் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"எப்பவுமே மொண்ணைப் பக்கமா?"

"எப்பவும்" என்றார் அக்கா, தொழில் தெரிந்தவரின் பெருமையோடு.

அந்தப் பெண் ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அது கறை இல்லக்கா" என்றாள். "பசை."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். இந்தச் சில்லுகளைக் கையில் வெறுமனே பிடித்து வேலை செய்திருக்க மாட்டார்கள். மரக்கம்பில் பதித்து ஒட்டியிருப்பார்கள். ஈட்டியாக, கத்தியாக. கம்பு மக்கிவிடும். கட்டின நாரும் மக்கிவிடும். ஒட்டின பசை மட்டும் கல்லின் மொண்ணைப் பக்கம் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைத் தேடித்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

அக்கா கேட்டுக்கொண்டார். ஆனால் முழுசாகப் பிடிபடவில்லை. "சரிம்மா, பசைதானே? கல்லு பத்திரமா இருக்கு இல்ல?" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு பையோடு வந்தாள். உள்ளே மரப்பிசின் கட்டிகள், செங்காவி மண், கொஞ்சம் தேன்மெழுகு. "வாங்கக்கா, நாமளே செஞ்சு பாக்கலாம்" என்று கட்டடத்தின் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டினாள். தச்சுப் பட்டறையில் கம்புகள் வாங்கிக்கொண்டோம். படம் எடுக்கிற சாக்கில் நானும் கூட இருந்தேன்.

முதல் நாள் பிசின் தீப்பிடித்துப் புகைந்து கரியானது. இரண்டாம் நாள் ஒட்டின கல், கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியதும் கழன்று ஓடியது. காவியை அதிகம் போட்டால் பிஸ்கட் மாதிரிப் பொடிந்தது. குறைத்தால் மிட்டாய் மாதிரி இளகிக் கையெல்லாம் அப்பிக்கொண்டது. எங்களுக்கு முகமெல்லாம் கரி. "உங்க வீட்டுக்காரர் பாத்தா, பஸ்ஸுக்கு அடியில கெடந்தது நீயா நானான்னு கேப்பாரு" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாம் நாள் மதியம் அக்காவின் கைக்கு அது வசப்பட்டது. தீக்கு நேரே வைக்காமல், பக்கத்தில் சுட்டுக் கிடந்த கல்லின் மேல் வைத்து, காவியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பிசைந்தார். மெழுகு துளி சேர்த்தார். சூடு ஆறுவதற்குள் கல்லை வைத்து அழுத்தி, கட்டைவிரலால் ஓரத்தை வழித்துவிட்டார். ஆறினதும் முற்றத்து மரக்கிளை ஒன்றை அந்தக் கத்தியாலேயே அறுத்தார். கல் அசையவில்லை.

"பிடிச்சுக்கிச்சு! பாருங்க, பிடிச்சுக்கிச்சு!" என்று என்னிடம் நீட்டினார். அவரை நான் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்தது அதுதான் கடைசி.

அந்தப் பெண் அடுப்பை அணைத்துக்கொண்டே பேசினாள். "கல்லு தட்டறதைப் பக்கத்துல இருக்கறவங்க கையைப் பாத்தே கத்துக்கலாம்க்கா. ஆனா இது வேற. பிசின் ஒரு இடத்துல கிடைக்கும், காவி வேற இடத்துல. பிசினைப் பாத்தா பசை தெரியாது. மண்ணைப் பாத்தாலும் தெரியாது. ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு ஒருத்தர் முன்னாடியே மனசுல பாத்திருக்கணும். எவ்வளவு சூடு, எவ்வளவு மண்ணு, பொடிஞ்சா எதைக் குறைக்கணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்திருக்கணும். அவங்க நம்மள மாதிரி யோசிச்சாங்களாங்கறதுக்குக் கல்லு மட்டும் சாட்சி சொல்லாது. அந்தக் கறுப்புதான் சொல்லும்."

அக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு எந்த நிமிஷத்தில் போனது என்று தெரியவில்லை.

"நமக்கு மூணு நாள் ஆச்சு" என்றார். "நான் ஒரு கல்லுக்கு அஞ்சு நிமிஷம்தான் எடுத்துப்பேன்."

அன்றைக்கு வீட்டில் நடந்ததைக் கணவர் பிறகு என்னிடம் சொன்னார். கை கழுவக் குழாயைத் திறந்த அக்கா அப்படியே நின்றாராம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "எத்தனை கல்லுங்க? பதினாலாயிரம் இருக்குமா?" என்று கேட்டாராம்.

"நீயா முடிவு பண்ணின? சொன்னதைத்தானே செஞ்ச" என்றிருக்கிறார் அவர்.

"சொன்னதைவிட நல்லாச் செஞ்சேங்க. அதுதான் பிரச்சினையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் பழைய மேலதிகாரியைப் பார்க்கப் போனார். ஓய்வு பெற்று, ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மாத்திரை டப்பாவும் செய்தித்தாளுமாக இருந்தார். அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "உன்னை மாதிரி வேலை செய்யற ஆளு இனிமே கிடைக்கமாட்டாம்மா" என்று உட்காரச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கறுப்பு ஒட்டிய கல் ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா இவரிடம்தான் போயிருந்தார். இது மண் மாதிரி இல்லையே சார், விட்டுடவா என்று கேட்டிருந்தார். எடுத்துடும்மா, கல்லு கல்லாத் தெரியணும் என்று இவர்தான் சொன்னார். அதை இப்போது அக்கா நினைவுபடுத்தினார்.

"அப்படியா? ஞாபகம் இல்லையே."

"நீங்கதான் சார் சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தாம்மா செஞ்சோம். யாருக்குத் தெரியும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, சற்றே கோபமாக, "கறையை எடுக்கச் சொல்லியிருப்பேன். பசையை எடுக்கச் சொன்னேனா?" என்றார்.

அக்கா எழுந்து வந்துவிட்டார். "அவரு திட்டுவாருன்னு போனேன். இல்லாட்டி, நானும் சேந்துதான் செஞ்சேன்னு சொல்லுவாருன்னு போனேன். ரெண்டும் இல்ல" என்றார் என்னிடம்.

ஒரு வாரம் கழித்து அவருக்கு ஒன்று நினைவு வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் தோண்டும் இடம் மூழ்கிவிடும் என்று அவசரமாக அள்ளி வந்த பதினோரு மூட்டைகள். இடம் போதாமல் மாடிப்படிக்குக் கீழே இருந்த கிடங்கில் போட்டுவைத்தோம். அவை பட்டியலில் ஏறவே இல்லை. "அது கழுவாமதான் கெடக்கணும்! கெடக்கும்!" என்று அக்கா மூச்சிரைக்க மாடிக்கு ஓடிவந்தார். அந்தப் பெண்ணும் நானும் சாவி வாங்கிக்கொண்டு கூடவே போனோம்.

உடைந்த நாற்காலிகள், சுருட்டிய வரைபடங்கள், துருப்பிடித்த மின்விசிறி எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டோம். கடைசி வரிசையில் மூட்டைகள் இல்லை. பதினோரு அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அக்காவின் கையெழுத்தில், "சுத்தம் செய்யப்பட்டது" என்று தேதியோடு எழுதியிருந்தது. எல்லாம் விடுமுறை நாட்கள்.

அவரே மறந்துபோயிருந்தார். அந்த வருஷம் கணவர் வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூரில் இருந்தார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், யாரும் கேட்காமலே, விடுமுறையில் வந்து உட்கார்ந்து மிச்சம் மீதியெல்லாம் கழுவி முடித்திருக்கிறார். அந்தப் பாராட்டுச் சான்றிதழ் அந்த வருஷத்து வேலைக்காகத்தான்.

அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள். எல்லாமே மினுங்கின. "பரவாயில்லக்கா" என்றாள். அக்கா நாற்காலிகளைத் திரும்ப உள்ளே அடுக்கத் தொடங்கினார்.

அதற்கு இரண்டு நாள் பிறகு, முற்பகல் பதினோரு மணிக்கு அக்கா ஆய்வு அறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. மூவாயிரத்து நூத்திப் பதினெட்டாம் நம்பர் கல்லு. வேலைக்கு வந்த ஏழாவது வருஷம். அதுல கறுப்பு கொஞ்சம் பெருசா இருந்துச்சு, ஒரு பட்டாணி அளவுக்கு. அதுக்கு மேல ஒரு குழி. குழிக்குள்ள சன்னமா கோடு கோடா இருந்துச்சு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தோண்டினவங்க யாரோ விரலை அழுத்திட்டாங்கன்னு நினைச்சேன். என் கட்டைவிரலை வெச்சுப் பாத்தேன். உள்ள போகல. சின்ன விரல். பொம்பளை விரலோ, சின்னப் பிள்ளை விரலோ." அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "அதை எடுக்க எனக்கு அரை நாள் ஆச்சு."

அவள் எழுந்து போய் அந்தக் கல்லைத் தேடி எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு விலகிக்கொண்டு அக்காவைப் பார்க்கச் சொன்னாள். அக்கா குனிந்தார்.

"கோடு தெரியுதே" என்றார். "தெரியுதும்மா, கோடு இருக்கு!"

"அது உங்க ஊசிக்கா" என்றாள் அந்தப் பெண்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னால் அவளே வருத்தப்பட்டாள். ஆனால் வேறு என்ன சொல்வது? விளக்கை அணைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். அக்கா அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் விளக்கு மாற்றுகிற ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இறங்கவும் தோன்றவில்லை.

அக்கா அதற்குப் பிறகு கற்களோடு பேசுவதை விட்டுவிட்டார். எங்களோடும்தான். மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு போவார். சாயங்காலம் கணவர் என்னிடம் வந்து, "என்ன சார் ஆச்சு இவளுக்கு? கல்லுக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா?" என்று கேட்டார். எப்போதும் கேலி பேசும் மனுஷர், அன்றைக்கு நிஜமாகவே கேட்டார்.

பிறகு ஒரு நாள் அக்கா ஒரு கட்டு வெற்று அட்டைகள் கேட்டு வாங்கினார். தனக்கு நினைவிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையில் படம் வரைந்து, கறுப்பு எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது என்று குறித்தார். ஒவ்வொரு அட்டையின் கீழும் ஒரே வரி: "நான் சுரண்டி எடுத்தேன்." நான்கு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் ஆயின.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள். "இதை நான் நம்பறேன்க்கா. ஆனா கட்டுரையில சேக்க முடியாது. ஞாபகத்தை ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

"தெரியும்மா. பெட்டியில போட்டு வெச்சா போதும்."

அவளுடைய கட்டுரை அடுத்த வருஷம் வந்தது. வேறு மூன்று இடங்களின் கற்களை வைத்து எழுதியிருந்தாள். எங்கள் குகைக்கு அதில் ஒரே ஒரு வரி. இந்தத் தொகுப்பு மிகையாகச் சுத்தம் செய்யப்பட்டதால் ஆய்வுக்கு உதவவில்லை. அக்கா கேட்டதால் நான் படித்துக் காட்டினேன். "மிகையாகன்னா அதிகமாத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கழுவும் அறையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசலில் டிக்கெட் கிழிக்கும் இடத்துக்குப் போனார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் படியிறங்கிக் கீழே போனதில்லை. கற்காலக் கூடம் அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அவர் கழுவிய கற்கள் விளக்கொளியில் இருந்தன. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள், "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க!" என்பார்கள். அந்தப் பெண் தான் வேலை செய்யும் புதிய இடத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்து, கழுவாத கற்களை வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டாள். அக்கா போகவில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் உலோகப் பிரிவின் உதவியாளர் டிக்கெட் மேஜைக்கு வந்தார். அவரும் ஐம்பதைத் தொட்டவர்தான். "அக்கா, வெண்கலக் கிண்ணம் ஆறு வந்திருக்கு. அடியில கறுப்பா அப்பிக்கிட்டிருக்கு, போகவே மாட்டேங்குது. நீங்க என்ன போடுவீங்க?"

"விட்டுடுங்க. கை வைக்காதீங்க."

"ஏன், அது என்னக்கா?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன்."

"பொறுப்பாளர் எடுத்துடச் சொல்லிட்டாரே. திறப்பு விழா இருக்காம்."

அக்கா எழுந்து, டீ குடிக்க இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் மேஜையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொறுப்பாளர் அறைக்கு நேரே போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது. அக்கா நிதானமாகத்தான் பேசினார். அது அந்தக் கிண்ணத்தில் காய்ச்சினதாக இருக்கலாம், குடித்ததாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், யாராவது வந்து பார்க்கிறவரைக்கும் விட்டு வையுங்கள் என்றார். அந்தப் பெண்ணின் போன் எண்ணையும் சொன்னார். எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா" என்றார் பொறுப்பாளர். "அடுத்த தடவை பாத்துக்கலாம். இப்போ வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க பாருங்க."

அடுத்த வாரம் ஆறு கிண்ணங்களும் முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வந்து உட்கார்ந்தன. உள்ளே பார்த்தால் முகம் தெரிந்தது. படம் எடுத்தது நான்தான். அக்கா எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.